முதியோர் முதல் ‘நாங்கள் ஐந்து பேர்’ வரை: மக்கள் கூட்டங்களை ஆங்கிலத்தில் எழுதுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் மாலை வகுப்பு நடத்தும் எனக்கு, சாதாரண தர மாணவர்களின் கட்டுரைத் தாள்களில் ஆண்டு தவறாமல் எதிர்ப்படும் சொல் ஒன்று உண்டு. அது ‘ஓல்ட்ஸ்’ என்பது. ‘தோட்டத்து முதியவர்கள் மருந்து எடுக்க டிக்கோயாவுக்குப் போகிறார்கள்’ என்று எழுத வந்த பிள்ளை, ‘முதியவர்கள்’ என்பதில் உள்ள ‘கள்’ விகுதிக்கு ஈடாக ‘ஓல்ட்’ என்பதன் பின்னால் ஓர் ‘எஸ்’ எழுத்தைச் சேர்த்துவிடுகிறது. தமிழ் இலக்கணத்தை நன்றாக உள்வாங்கிய பிள்ளைதான் இந்தப் பிழையைச் செய்யும் என்பதால், இதற்குச் சிவப்பு மையில் கோடு போட எனக்குக் கை வருவதில்லை.

ஏழையர், முதியோர், நிலமற்றோர், பறிப்பவர், மலையகத்தார், வீட்டார் என்று எந்தக் கூட்டத்தைச் சொல்ல வேண்டுமானாலும் தமிழுக்கு ‘ர்’ என்று முடியும் விகுதி போதும். பண்பைச் சொல்லும் சொல்லோடும், செயலைச் சொல்லும் சொல்லோடும், ஊர்ப் பெயரோடும் அது ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அப்படிப்பட்ட பொது விகுதி இல்லை. அந்த மொழி இதே வேலையை ஐந்தாறு சொற்றொடர் அமைப்புகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. எந்த இடத்தில் எந்த அமைப்பு என்பதைப் படிப்படியாக விளக்குவதே இங்கு என் வேலை. ஆங்கில வாக்கியங்களை ஒலிப்புக்கு ஏற்பத் தமிழ் எழுத்தில் தருகிறேன். அவற்றின் எழுத்துக்கூட்டலை அகராதியில் பார்த்துக்கொள்ளவும்.

முதற்படி: பெயர் எதனால் வந்தது என்று கேளுங்கள்

பேனாவை எடுக்கும் முன், அந்தக் கூட்டத்துக்குப் பெயர் எதனால் வந்தது என்று தமிழிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். முதியோர், வேலையற்றோர் என்பவை நிலையால் வந்த பெயர்கள். பறிப்பவர், வந்தவர் என்பவை செயலால் வந்தவை. பள்ளி இலக்கணத்தில் நாம் படித்த வினையாலணையும் பெயர்கள் இவைதாம். மலையகத்தார், சிங்களவர் என்பவை இடத்தாலும் இனத்தாலும் வந்தவை. ‘ஐந்து பேர்’, ‘பெரும்பாலானோர்’ என்பவற்றில் எண்ணிக்கையே பெயராகிவிடுகிறது. இக்கேள்விக்கு விடை கிடைத்தால் அமைப்பு பெரும்பாலும் தானே வந்துவிடும்.

இரண்டாம் படி: நிலையால் வரும் பெயர்கள்

‘த’ என்னும் சுட்டுச்சொல்லை முன்னே வைத்து, அதன் பின் பெயரடையை மட்டும் எழுதினால், அந்த நிலையில் உள்ள அனைவரையும் அது குறிக்கும். ‘த புவர்’ என்றால் ஏழைகள், ‘தி எல்டர்லி’ என்றால் முதியோர், ‘தி அன்எம்ப்ளொய்ட்’ என்றால் வேலையற்றோர். இங்கே ‘எஸ்’ சேராது. ஆனால் வினை பன்மையில் வரும். ‘தி எல்டர்லி ஆர்’ என்பது சரி, ‘தி எல்டர்லி இஸ்’ என்பது பிழை. பன்மையைச் சொல்லில் காட்டாமல் வினையில் மட்டும் காட்டும் இந்தப் பழக்கம் தமிழ்க் காதுக்கு விநோதமாகப் படும். ஒரு வாரம் வாய்விட்டுப் படித்தால் பழகிவிடும்.

தமிழில் ‘அற்றோர்’ என்று முடிவன பல, ஆங்கிலத்தில் ‘லெஸ்’ என்று முடியும் சொற்களாக இந்த அமைப்பில் கச்சிதமாகப் பொருந்தும். நிலமற்றோர் ‘த லாண்ட்லெஸ்’, வீடற்றோர் ‘த ஹோம்லெஸ்’, நாடற்றோர் ‘த ஸ்டேட்லெஸ்’. கடைசிச் சொல்லுக்கு மலையகத்தில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம் பாட்டன்மாரில் மிகப் பெரும்பாலானோரை அந்தச் சொல்லுக்குள் தள்ளியது. 1964 ஒக்டோபர் 30 அன்று இலங்கை, இந்தியப் பிரதமர்களிடையே கையெழுத்தான ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தது. ‘த ஸ்டேட்லெஸ் வேர் டிவைடட் பிட்வீன் டூ கன்ட்ரீஸ்’ என்று எழுதினால், இந்த அமைப்பு எவ்வளவு பெரிய கூட்டத்தை இரண்டே சொல்லில் அடக்கிவிடுகிறது என்பது தெரியும்.

இதில் மூன்று கட்டுப்பாடுகள் உண்டு. ஒன்று, ஒரே ஆளைச் சொல்ல இது உதவாது. ‘எ புவர்’ என்று ஆங்கிலத்தில் இல்லை. ‘எ புவர் மேன்’ என்றோ ‘எ புவர் வுமன்’ என்றோதான் எழுத வேண்டும். இரண்டு, கூட்டத்தில் ஒரு பகுதியை மட்டும் சொல்லும்போது இந்த அமைப்பைத் தவிர்க்க வேண்டும்; நம் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், உள்ள நான்கு முதியவர்கள் ‘ஃபோர் எல்டர்லி’ ஆகமாட்டார்கள், ‘ஃபோர் எல்டர்லி பீப்பிள்’ ஆவார்கள். விபத்துச் செய்திகளில் வரும் ‘தி இன்ஜர்ட்’ இதற்கு விலக்கு. பஸ் பள்ளத்தில் விழுந்து காயப்பட்ட பன்னிரண்டு பேரையும் அச்சொல் குறிப்பாகச் சுட்டும். நீதிமன்றச் செய்திகளில் வரும் ‘தி அக்யூஸ்ட்’ ஒருபடி மேலே போய், ஒரே ஆளையும் குறிக்கும், பலரையும் குறிக்கும். குற்றம் சாட்டப்பட்டவர் ஒருவரா பலரா என்பதை வினையைப் பார்த்தே அறிய வேண்டும்.

மூன்றாவது மரியாதை சார்ந்தது. ஆளை அவருடைய ஒரு குறைக்குள் சுருக்கிவிடுகிறது என்பதால், ‘த டிஸேபிள்ட்’ போன்ற வடிவங்களை இன்றைய ஆங்கிலத்தில் பலர் தவிர்த்து, ‘பீப்பிள் வித் டிஸெபிலிட்டீஸ்’ என்று ஆளை முன்னால் வைத்து எழுதுகிறார்கள். ஊனமுற்றோர் என்ற சொல்லை விட்டு மாற்றுத்திறனாளிகள் என்று நாம் எழுதத் தொடங்கியதும் இதே மனப்போக்கால்தான். ‘தி எல்டர்லி’ என்பதற்கும் இப்போது ‘ஓல்டர் பீப்பிள்’ என்று எழுதுவதே நயமாகக் கருதப்படுகிறது. பரீட்சையில் இரண்டுக்கும் புள்ளி கிடைக்கும். ஆனால் பிரதேச செயலகத்துக்கு எழுதும் கடிதத்தில் இரண்டாவதை எழுதுமாறு என் மாணவர்களிடம் சொல்வேன்.

மூன்றாம் படி: செயலால் வரும் பெயர்கள்

இந்தப் படியில்தான் மாணவர்கள் அதிகம் தடுமாறுவார்கள். நானும் அதிக நேரம் செலவிடுவேன். ‘கொழுந்து பறிக்கும் பெண்கள்’ என்னும் தொடரில் ‘பறிக்கும்’ என்ற பெயரெச்சம் பெண்களுக்கு முன்னால் நிற்கிறது. ஆங்கிலத்தில் பெண்கள் முன்னால் வந்து, செயல் பின்னால் வர வேண்டும்: ‘விமென் ஹூ பிளக் டீ’. ஆகவே தமிழ்த் தொடரைக் கடைசிச் சொல்லிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் படித்து எழுதுவதே நான் சொல்லித்தரும் எளிய வழி.

தமிழில் ஆட்பெயர் இல்லாமல் ‘பறிப்பவர்கள்’, ‘வந்தவர்கள்’ என்று மட்டும் இருந்தால், ஆங்கிலத்தில் அந்த வெற்றிடத்தை ‘பீப்பிள் ஹூ’ அல்லது ‘தோஸ் ஹூ’ என்று நிரப்ப வேண்டும். முன்னது பேச்சுக்கும் எழுத்துக்கும் பொருந்தும். பின்னது அறிவித்தல்களுக்கும் விண்ணப்பங்களுக்கும் உரிய சற்று இறுக்கமான வடிவம். ‘தே ஹூ’ என்று எழுதுவது இன்றைய வழக்கில் இல்லை. ‘ஹூ’ வந்த பின் மறுபடியும் ‘தே’ போடுவது இன்னொரு பிழை. ‘லயத்தில் இருக்கிறவர்கள், அவர்கள் தண்ணிக்குப் பீலிக்குத்தான் போகணும்’ என்று நாம் பேசும்போது ‘அவர்கள்’ இயல்பாக வந்துவிடும். ஆங்கில எழுத்தில் அந்த இரண்டாவது எழுவாய்க்கு இடமில்லை.

இனி, ஒரு காற்புள்ளி எத்தனை பேரைக் கூட்டும், எத்தனை பேரைக் குறைக்கும் என்பதைப் பார்ப்போம். ‘லயத்தில் வசிக்கும் தொழிலாளர்களுக்குப் புதிய வீடு தேவை’ என்ற தமிழ் வாக்கியத்துக்கு இரண்டு பொருள் சாத்தியம். தொழிலாளர் எல்லாருமே லயத்தில்தான் வசிக்கிறார்கள் என்றும் கொள்ளலாம். லயத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் வீடு தேவை, தனி வீட்டுக்குப் போய்விட்டவர்களுக்குத் தேவையில்லை என்றும் கொள்ளலாம். தமிழ் இதைச் சந்தர்ப்பத்துக்கு விட்டுவிடும். ஆங்கிலம் காற்புள்ளியால் தீர்த்துவிடும். ‘த வொர்க்கர்ஸ் ஹூ லிவ் இன் லைன் ரூம்ஸ் நீட் நியூ ஹவுசஸ்’ என்று காற்புள்ளி இல்லாமல் எழுதினால் லயத்து ஆட்கள் மட்டும் எண்ணப்படுவார்கள். ‘வொர்க்கர்ஸ்’ என்பதன் பின்னும் ‘ரூம்ஸ்’ என்பதன் பின்னும் காற்புள்ளி இட்டால், தொழிலாளர் அனைவரும் லயத்தில் வசிக்கிறார்கள் என்றும், அனைவருக்கும் வீடு தேவை என்றும் பொருளாகிவிடும். வீட்டுத் திட்டத்துக்கான மனுவில் இந்த வேறுபாடு சின்ன விஷயமன்று.

‘ஹூ’ இல்லாமல் சுருக்கியும் எழுதலாம். ‘விமென் பிளக்கிங் டீ’ என்றால் இப்போது கண்முன் பறித்துக்கொண்டிருக்கும் பெண்கள் என்ற சாயல் வரும்; மலையைக் காட்டும் படத்தின் கீழ் எழுத அது பொருத்தம். தொழிலையே சொல்ல வேண்டுமானால் ‘டீ பிளக்கர்ஸ்’.

நான்காம் படி: இரண்டு பெயர்களை ஒட்டுதல்

தோட்டத் தொழிலாளர் என்பதற்கு ‘எஸ்டேட் வொர்க்கர்ஸ்’. இதில் முன்சொல் ஒருமையிலேயே நிற்கும்; பன்மை பின்சொல்லுக்கு மட்டும் உரியது. நூறு தோட்டங்களைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும் ‘எஸ்டேட்ஸ் வொர்க்கர்ஸ்’ ஆகாது. இதற்குப் பெரிய விலக்கு ‘விமென்’: பெண் தொழிலாளர்கள் ‘விமென் வொர்க்கர்ஸ்’ என்று இரு சொல்லிலும் பன்மை பெறுவார்கள். ‘தோட்டத்தில் வேலை செய்பவர்கள்’ என்று விரித்து எழுதும்போது, ‘இல்’ உருபைப் பார்த்து நாம் ‘இன்’ போடுகிறோம். ‘பீப்பிள் ஹூ வொர்க் ஒன் டீ எஸ்டேட்ஸ்’ என்று ‘ஒன்’ போடுவதே பொது ஆங்கில வழக்கு.

ஐந்தாம் படி: இடத்தாலும் இனத்தாலும் வரும் பெயர்கள்

இந்தத் தீவைக் கைப்பற்ற வந்த மூன்று ஐரோப்பியக் கூட்டத்தாரைக் கொண்டே இந்த விதியை மறக்காமல் வைத்துக்கொள்ளலாம். ‘த போர்ச்சுகீஸ்’, ‘த டச்’, ‘த பிரிட்டிஷ்’ ஆகிய மூன்றிலும் ‘எஸ்’ சேராது; மூன்றுக்கும் பன்மை வினைதான். 1815இல் கண்டி இராச்சியத்தைப் பிடித்ததைச் சொல்ல ‘த பிரிட்டிஷ் வேர்’ என்று தொடங்கலாம். ‘பிரிட்டிஷர்ஸ்’ என்று எழுதும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டென்றாலும் தவிர்ப்பது நல்லது. ‘ஈஸ்’, ‘ச்’, ‘ஷ்’ என்ற ஒலிகளில் முடிபவை பொதுவாக இப்படித்தான் நிற்கும். ‘த ஜப்பனீஸ்’, ‘த சைனீஸ்’ என்பவையும் அதே வரிசை. நமக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு ‘த சிங்ஹலீஸ்’. மற்றவை ‘எஸ்’ பெறும்: ‘டாமில்ஸ்’, ‘முஸ்லிம்ஸ்’, ‘பேர்கர்ஸ்’, ‘ஸ்ரீ லங்கன்ஸ்’. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். அவர் ஒருவராகையால் ‘எ ஸ்கொட்’, அவரைப் போன்றவர்கள் ‘ஸ்கொட்ஸ்’.

‘டாமில்ஸ்’ என்பதற்கும் ‘த டாமில்ஸ்’ என்பதற்கும் இடையே நுண்ணிய வேறுபாடு உண்டு. ‘த’ சேர்ந்தால் அனைவரையும் ஒரே கட்டாகக் கட்டிப் பேசும் தொனி வரும். ஓர் இனத்தார் எல்லாரும் இப்படித்தான் என்று சொல்ல வருகிற வாக்கியங்களில் இந்த ‘த’ அடிக்கடி தலைகாட்டுவதைக் கவனித்திருக்கிறேன். தவிர்க்க முடிந்த இடத்தில் ‘டாமில்ஸ்’ என்றோ ‘டாமில் பீப்பிள்’ என்றோ எழுதினால் தொனி தணியும்.

நம்மைப் பற்றி எழுதும்போது எந்தப் பெயரை இடுவது என்ற கேள்வியும் இங்கே வருகிறது. 1911ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு ‘இந்தியன் டாமில்ஸ்’ என்று தனிப் பிரிவை ஏற்படுத்தியது. 2012ஆம் ஆண்டின் மதிப்பீட்டிலும் அதே பெயரின் கீழ் சுமார் 8,40,000 பேர், அதாவது மக்கள்தொகையில் 4.1 சதவீதத்தினர், பதிவானார்கள். அந்தப் புள்ளிவிவரத்தை எடுத்தாளும்போது அந்தப் பெயரை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுத வேண்டும். மாற்றினால் எண்ணும் பெயரும் பொருந்தாமல் போகும். மற்ற இடங்களில் ‘ஹில் கன்ட்ரி டாமில்ஸ்’ அல்லது ‘மலையக டாமில்ஸ்’ என்று எழுதுவதே என் தெரிவு. ஒரு கூட்டத்தார் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் இருக்கும்போது பிறர் இட்ட பெயரை ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்? பழைய தோட்ட ஆவணங்களில் ‘எ கேங் ஒவ் கூலீஸ்’ என்ற தொடரைப் பார்க்கலாம்; ஒரு கங்காணியின், அதாவது ஆட்களை மேற்பார்ப்பவரின், கீழ் வேலை செய்தவர்களைக் குறித்தது அது. கூலி என்று நாம் சொல்வது வேலைக்குக் கிடைக்கும் காசை. காலனித்துவ ஆங்கிலத்தில் அது ஆளையே குறிக்கும் சொல்லாகி, இன்று வசைச்சொல்லாக நிற்கிறது. ‘கேங்’ என்பதும் இன்று பெரும்பாலும் ரவுடிக் கூட்டத்தையே நினைவூட்டும்.

வழிவந்தவர்களைச் சொல்ல ‘பீப்பிள் ஒவ் இந்தியன் ஒரிஜின்’ என்னும் அமைப்பு உண்டு. ஊரைச் சொல்ல ‘ஒவ்’ வேண்டாம். ‘பீப்பிள் ஃப்ரம் பண்டாரவளை’ என்று ‘ஃப்ரம்’ போடலாம். இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பில் ‘பீப்பிள்’ வராமல் ‘பர்சன்ஸ்’ வந்திருப்பதைக் கவனிக்கவும். ‘பர்சன்ஸ்’ சட்டத்தின் சொல், அறிவித்தல் பலகையின் சொல். ஒவ்வொரு ஆளையும் தனித்தனியே எண்ணும் தொனி அதில் உண்டு. கட்டுரையில் ‘மெனி பர்சன்ஸ்’ என்று எழுதினால் பொலிஸ் முறைப்பாடு போலத் தோன்றும். ‘பீப்பிள்ஸ்’ என்பது வேறு பொருள் தருவது. வெவ்வேறு இனத்தவர்களைச் சேர்த்துச் சொல்லும்போது மட்டுமே அந்த ‘எஸ்’ பொருந்தும்.

ஆறாம் படி: எண்ணிக்கை

‘எ நம்பர் ஒவ் ஸ்டூடன்ட்ஸ் ஆர்’ என்றால் பல மாணவர்கள். ‘த நம்பர் ஒவ் ஸ்டூடன்ட்ஸ் இஸ்’ என்றால் மாணவர்களின் தொகை. ‘எ’ வந்தால் ஆட்களைப் பற்றிய பேச்சு, ‘த’ வந்தால் எண்ணைப் பற்றிய பேச்சு. வினை அதன்படி மாறும்.

‘மோஸ்ட் வொர்க்கர்ஸ்’ பொதுவான தொழிலாளர்களில் பெரும்பாலானோர். ‘மோஸ்ட் ஒவ் த வொர்க்கர்ஸ்’ ஏற்கெனவே பேசப்பட்ட ஒரு கூட்டத்தில் பெரும்பாலானோர். ‘ஒவ்’ வந்தால் அதன் பின் ‘த’ அல்லது ‘அவர்’ போன்ற ஒரு சொல் கட்டாயம். ‘மோஸ்ட் ஒவ் வொர்க்கர்ஸ்’ என்ற இடைப்பட்ட வடிவம் ஆங்கிலத்தில் இல்லை. நம் பிள்ளைகளின் தாள்களில் மட்டும் இருக்கிறது. ‘ஒன் ஒவ் த’ என்பதன் பின் பெயர் பன்மையிலும் வினை ஒருமையிலும் வரும்: ‘ஒன் ஒவ் த கேர்ள்ஸ் இஸ்’.

‘நாங்கள் ஐந்து பேர்’ என்பதை ‘வி ஆர் ஃபைவ்’ என்று எழுதாமல் ‘தேர் ஆர் ஃபைவ் ஒவ் அஸ்’ என்று எழுத வேண்டும். ஆட்களை எண்ணுவதற்கு நம்மிடம் ‘பேர்’ என்ற சொல் இருக்கிறது. காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்ப் பேர் கொடுத்தால் அன்று ஓர் ஆள் கணக்கில் ஏறிவிடுவார். ஆங்கிலத்தில் அந்த வேலையை ‘ஒவ் அஸ்’, ‘ஒவ் தெம்’ என்பவை ஓரளவு செய்கின்றன. ஐந்து பேர் கொண்ட குடும்பம் ‘எ ஃபமிலி ஒவ் ஃபைவ்’.

ஏழாம் படி: கூட்டுப் பெயர்கள்

‘ஃபமிலி’, ‘டீம்’, ‘கமிட்டி’, ‘யூனியன்’ ஆகியவற்றுக்கு அமெரிக்க ஆங்கிலம் பெரும்பாலும் ஒருமை வினை கொடுக்கும். பிரித்தானிய ஆங்கிலத்தில் அமைப்பாகப் பார்த்தால் ஒருமை, உள்ளிருக்கும் ஆட்களாகப் பார்த்தால் பன்மை. ‘பொலிஸ்’ மட்டும் எப்போதும் பன்மை. ‘ஸ்டாஃப்’ என்பது தோட்டத்தில் உத்தியோகத்தர் வர்க்கத்தையே குறிப்பதால், ஓர் உத்தியோகத்தரை ‘எ ஸ்டாஃப்’ என்று சொல்லும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. எழுத்தில் ‘எ மெம்பர் ஒவ் த ஸ்டாஃப்’ என்று திருத்திக்கொள்ளவும். ‘த யூத்’ இளைய தலைமுறை முழுவதையும் குறிக்கும். ‘யூத்ஸ்’ செய்திகளில் பெரும்பாலும் வம்பில் மாட்டிய பையன்களைக் குறிக்கும். ஐயமிருந்தால் ‘யங் பீப்பிள்’ என்று எழுதிவிடலாம்.

ஆங்கிலப் பாடநூல்களில் குடும்பப் பெயரோடு ‘த’வும் ‘எஸ்’ எழுத்தும் சேர்த்து வீட்டாரைச் சொல்லும் அமைப்பு ஒன்று வரும். நம்மவர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயர்தான் முன்னெழுத்தாக நிற்கிறது. ‘த ராமசாமீஸ்’ என்றால் அப்பெயரில் உள்ள பல ராமசாமிகள் என்றே நம் ஊரில் புரிந்துகொள்வார்கள். ராமசாமி வீட்டாரை ‘ராமசாமி அண்ட் ஹிஸ் ஃபமிலி’ என்றே எழுதவும்.

எட்டாம் படி: ஒரு பந்தியில் எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்தல்

கடந்த வாரம் வகுப்பில் கரும்பலகையில் இந்த நான்கு வாக்கியங்களை எழுதிப்போட்டேன்: ‘எங்கள் டிவிசனில் 120 குடும்பங்கள் வசிக்கின்றன. பெரும்பாலானோர் தோட்டத்தில் வேலை செய்பவர்கள். வேலையற்ற இளைஞர்களில் பலர் கொழும்புக்குப் போய்விட்டனர். லயத்தில் எஞ்சியிருக்கும் முதியோரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை.’

முதல் வாக்கியம் எளிது: ‘எ ஹண்ட்ரட் அண்ட் ட்வென்டி ஃபமிலீஸ் லிவ் இன் அவர் டிவிஷன்’. இரண்டாவதில் ‘மோஸ்ட் ஒவ் தெம்’ என்று தொடங்கினால் ‘தெம்’ குடும்பங்களைச் சுட்டிவிடும். குழந்தைகளும் தோட்டத்தில் வேலை செய்வதாக ஆகிவிடும். தமிழில் ‘பெரும்பாலானோர்’ என்ற உயர்திணை விகுதி அந்தக் குழப்பத்தைத் தீர்த்திருந்தது. ஆங்கிலத்தில் நாம்தான் தீர்க்க வேண்டும்: ‘மோஸ்ட் ஒவ் தி அடல்ட்ஸ் வொர்க் ஒன் தி எஸ்டேட்’. மூன்றாவதில் வேலையற்றோர் எல்லாரும் வராமல் இளைஞர் மட்டும் வருவதால் ‘தி அன்எம்ப்ளொய்ட்’ தனியே நிற்காது: ‘மெனி ஒவ் தி அன்எம்ப்ளொய்ட் யங் பீப்பிள் ஹாவ் கோன் டு கொலம்போ’.

நான்காவதைப் பெரும்பாலானோர் ‘தி ஓல்ட் பீப்பிள் ஹூ ரிமெய்ன்ஸ்’ என்று எழுதினார்கள். பன்மைக்குரிய ‘எஸ்’ எழுத்தைப் பெயரில் போடக்கூடாது என்று நான் அடித்துச் சொன்னதால், அதை வினையில் கொண்டுபோய் ஒட்டிவிட்டார்கள். ஆங்கில வினையில் அந்த ‘எஸ்’ ஒருமைக்கு உரியது. முதியோர் பலராகையால் அதை எடுத்துவிட வேண்டும்: ‘தேர் இஸ் நோ ஒன் டு லுக் ஆஃப்டர் தி ஓல்டர் பீப்பிள் ஹூ ரிமெய்ன் இன் த லைன்ஸ்’. பின்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை, ‘சேர், ஆச்சி மட்டும்தான் எங்க லயத்துல இருக்காங்க, அப்போ எஸ் போடலாமா?’ என்று கேட்டாள். போடலாம்: ‘மை கிராண்ட்மதர், ஹூ ரிமெய்ன்ஸ் இன் த லைன்ஸ்’. ஆச்சி ஒருவரே என்பதால் முன்னும் பின்னும் காற்புள்ளியும் வேண்டும்.